ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வேலைக்கு வந்த ரேகை

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, கோவிந்தப்பனின் கட்டைவிரல் ரேகை அவரை விட்டுவிட்டுத் தனியாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்நேரம் கோவிந்தப்பன் மத்திகிரி கூட்டுரோட்டில், ஷேர் ஆட்டோவில், பதினோரு பேருக்கு நடுவே ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கம்பெனி கேட்டுக்கு வந்து மெஷினில் விரலை வைத்தார். மறுபடி வைக்கச் சொன்னது. ஏழு முறை வைத்தார். எட்டாவது முறை சிவப்பு விளக்கு எரிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால், டோக்கன் நானூற்றுப் பதினேழு, கோவிந்தப்பன், ஆறு நிமிடம் முன்பே உள்ளே வந்தாயிற்று.

புதன்கிழமையும் அதே ஐந்து ஐம்பத்திரண்டு. ஹெச்.ஆர். ஆபீசர் ஹரீஷ்குமார் தினமும் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து வருகிறவர். யார் சீக்கிரம் வந்தாலும் அவருக்குச் சந்தேகம். கோவிந்தப்பன் பசையில் விரல் அச்சு எடுத்து யாரிடமோ கொடுத்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அச்சு யாரிடம் இருக்கிறது என்று அதற்குள் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். கோவிந்தப்பன் அந்த வார்ப்படக் கம்பெனியில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்டில் பிசிறு தேய்க்கிறவர். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆர்டர் வரவேண்டிய ஆள். அந்த இரண்டு நாளில் அவர் பேசியதெல்லாம், "நான் ஆட்டோல இருந்தேன் சார்" என்ற ஒரே வாக்கியம்தான்.

வழக்கைக் கையில் எடுத்தது கேட் செக்யூரிட்டி இன்னாசிமுத்து. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். அரை அங்குலம் உயரம் குறைந்து போலீஸ் வேலை தவறிப்போனவர், அந்த அரை அங்குலத்தை ஆயுள் முழுக்கச் சந்தேகத்தால் நிரப்பி வந்தார். அதுவரை கம்பெனியில் மூன்று வழக்குகளைத் துப்பறிந்திருந்தார். மூன்றிலும் குற்றவாளி குரங்கு. அதில் ஒன்றைக் குரங்கு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்தமுறை அவரே மாட்டிக்கொள்ள இடமிருந்தது. ஏனென்றால் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மெஷின் பக்கத்தில் யாருமே இல்லை என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர்தான். நிஜத்தில் அந்த நேரத்தில் அவர் மெஷினுக்கு முதுகைக் காட்டி, கேட் கம்பி வழியாகக் கையை நீட்டி, தள்ளுவண்டியில் டீ விற்கும் தன் மனைவி ஜெயசெல்வியிடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார். ஐந்து வருடமாக அந்த மூன்று நிமிடம் கம்பெனியைக் கர்த்தரே காவல் காத்தார். கேமரா ஒன்று இருந்தது, அது மேனேஜர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை இன்னாசிமுத்து மெஷினுக்குக் கீழே தரையில் கேழ்வரகு மாவைத் தூவி வைத்தார். வருகிறவன் கால் தடம் பதியும் என்று திட்டம். வழக்கம்போல டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினால் தடம் எதுவும் இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு ஜோடி பூட்ஸ் அடையாளம், டீ வண்டியை நோக்கிப் போயிருந்தது. அது யாருடையது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரமானது.

ஜெயசெல்வி கிளாஸ் கழுவியபடியே கேட்டாள். "ஏங்க தொப்பிக்காரரே, மாவுல காலு இல்லியா, இல்ல மாவே இல்லியா?"

"மாவே இல்ல."

"அப்ப தொடச்சது யாரு? அந்தக் கண்ணாடிய மோந்து பாத்தீங்களா?"

அவர் போய் மெஷினை முகர்ந்தார். முதல் ஷிப்டுக்கு வந்த நாற்பது பேர் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசம். அந்த வட்டாரத்தில் எண்ணெயை அப்படிக் காய்ச்சித் தேய்க்கிறவள் ஒருத்திதான். ஹவுஸ்கீப்பிங்கில் தரை துடைக்கும் சாந்தம்மா. கோவிந்தப்பனின் மனைவி. திங்கட்கிழமை வரை இரண்டாம் ஷிப்டு, செவ்வாயிலிருந்து முதல் ஷிப்டு. இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது இன்னாசிமுத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. அதுவரை போக இருந்த வேலை ஒன்று, இப்போது இரண்டு.

அன்று சாயங்காலம் இன்னாசிமுத்துவும் ஜெயசெல்வியும் சாந்தம்மா வீட்டுக்குப் போனார்கள். அவள் ஒளிக்கவில்லை, ஒளிக்க என்ன இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. இரும்பைத் தேய்த்துத் தேய்த்துக் கோவிந்தப்பனின் ரேகை மழுங்கிப் போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் எல்லாரும் செய்கிறபடி, விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினால்தான் மெஷின் எடுக்கும். கோவிந்தப்பனுக்குத் தலையில் முடி கிடையாது. அதனால் பதினோரு வருடமாகக் காலையில் மனைவியின் உச்சந்தலையில் கட்டைவிரலைத் தேய்த்து, எண்ணெய் அழியாமல் அதைத் தூக்கிப் பிடித்தபடியே கூட்டுரோடு வரைக்கும் நடப்பார். லிப்ட் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு லாரிகள் நின்றதுண்டு.

"கொஞ்சம் குனி சாந்தா" என்றாள் ஜெயசெல்வி. முடியை விலக்கினாள். உச்சிச் சுழியில், நரைத்த முடியெல்லாம் கோடு கோடாக வளைந்து படுத்திருந்தது. குறுக்கே முடியில்லாத வெள்ளைத் தழும்பு ஒன்று. கோவிந்தப்பன் கட்டைவிரலை நீட்டினார். கிரைண்டர் வெட்டிய தழும்பு அதே சாய்வில் இருந்தது, மற்றபடி விரல் கோலிக்குண்டு மாதிரி வழவழவென்றிருந்தது. நால்வரும் பார்த்தார்கள். சாந்தம்மாவுக்கு மட்டும் தன் தலை தெரியவில்லை.

"கீழ துணி போட்டுத் தொடச்சிட்டு எழும்போது தல மெஷின்ல இடிக்கும்ணா" என்றாள். "உடனே தேங்க் யூங்கும். தொடக்கிறதுக்கு மரியாதயா சொல்லுதுன்னு நெனச்சேன். எங்க சூப்ரவைசர்கூட அப்படிச் சொன்னதில்ல பாரு."

கோவிந்தப்பன் சொல்லவேண்டாம் என்றார். "என் வேல போனா போவுதுண்ணா. அவ தலைய மெஷின்ல வச்சிப் பாக்கணும்பாங்க." இன்னாசிமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. சொல்லாவிட்டால் கோவிந்தப்பன் காலி. சொன்னால் சாந்தம்மா, கூடவே டீ விஷயம், கூடவே தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. ஹரீஷ்குமார் பேனாவைத் திறந்துவிட்டார். காகிதத்தில் கோவிந்தப்பன் பெயர் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. இன்னாசிமுத்து கூப்பிடாமலே உள்ளே போய் சல்யூட் அடித்தார்.

"சார், நான் எழுதினது பொய். அந்த நேரத்துல நான் டீ குடிச்சிட்டிருந்தேன். அஞ்சு வருஷமா. மெஷினாண்ட இருந்தது சாந்தம்மா. அச்சு அது தலையில இருக்குது. அது தப்பு இல்ல சார், அவரு தேச்சது."

"ஏனு? தலையிலயா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார் ஹரீஷ்குமார்.

எல்லோரும் கேட்டுக்குப் போனார்கள். கோவிந்தப்பன் விரலை வைத்தார், சிவப்பு விளக்கு. சாந்தம்மா கைகளை முந்தானையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நின்றாள். குனிந்தபோது அவள் காதோரம் வேர்த்திருந்தது. உச்சந்தலை கண்ணாடியைத் தொட்டது. ஒரு நொடி ஒன்றுமில்லை. இன்னொரு நொடியும் ஒன்றுமில்லை. ஜெயசெல்வி கம்பிக்கு வெளியே சிலுவை போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. நானூற்றுப் பதினேழு, கோவிந்தப்பன், தேங்க் யூ.

ஹரீஷ்குமார் கோவிந்தப்பனின் பைலை வரவழைத்தார். பிறகு, தலையிலயா என்ற கேள்வியை வேறு யாரும் தன்னிடம் கேட்டுவிடக் கூடாது என்கிற அவசரத்தில், அடையாளக் கட்டத்தில் 'வலது கட்டைவிரல்' என்றிருந்ததை அடித்து, 'மனைவியின் உச்சந்தலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னாசிமுத்துக்கு ஒரு மெமோ கிடைத்தது. அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார், முதல்முறையாகக் குரங்கு இல்லாத வழக்கு. டீ குடிக்கும் நேரம் மூன்று நிமிடம் தள்ளிப்போனது.

அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. மெயின்டனன்ஸ்காரர் மெஷினை ஒரு ஜாண் ஏற்றி மாட்டினார், சாந்தம்மாவுக்கு முழங்கால் வலி. ஐப்பசி மழையில் அவள் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, கோவிந்தப்பன் இரண்டு ஷிப்டும் முழுசாக வேலை செய்தும் வரவில்லை என்றே பதிவானது. அதில் தகராறு செய்ய என்ன இருக்கிறதென்று அவருக்குத் தோன்றவில்லை. இப்போதும் அவள் கிளம்பும் முன்னால் அவர் அவள் உச்சந்தலையில் கட்டைவிரலைத் தேய்க்கிறார். அந்த விரலால் இனி எந்தக் கதவும் திறக்காது என்று இருவருக்கும் தெரியும். அவள் டிபன் டப்பாவைக் கையில் பிடித்தபடி, தேய்த்து முடிக்கும் வரை குனிந்து நிற்கிறாள்.