பிடுங்கி எறிந்த வேப்பிலை

மாரியம்மன் குடியிருந்த வீட்டுக்குள் செருப்புக்காலோடு புகுந்து, அவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டு உயிரோடு வெளியே வந்த ஆள் இந்தத் தேசத்திலேயே நான் ஒருவன்தான். தெருவில் இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள், ஜெயபாண்டியைத் தவிர.

"அண்ணாச்சி, வேற ஊரைச் சொல்லி விடுங்க. சுந்தரபாண்டியம் எங்க ஊரு. அப்படி எவனும் வரல" என்பான்.

அவனுக்கு எழுபத்தொன்று, எனக்கு எண்பத்தைந்து. ராஜபாளையத்தில் ஒரே தெரு. அவன் மில்லில் வேலை பார்த்தவன். நான் அம்மை குத்துகிற வேலையில் சேர்ந்து, சுகாதார ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். ஜெயபாண்டிக்குச் சின்ன வயதில் பெரியம்மையில் இடது கண் போயிற்று. மிச்சக் கண்ணில் இப்போது புரை. அதை எடுக்கத்தான் போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"பயமா இருக்கு அண்ணாச்சி. செத்த நேரம் அந்தப் பொய்யையாவது சொல்லுங்க."

அவன் உள்ளே போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நானும் கூட வந்திருந்தேன். இத்தனை வருஷமும் முன்பாதியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் சுந்தரபாண்டியத்தில் என் ஊசியைக் கண்டால் எருமைகூடக் கதவைச் சாத்திக்கொள்ளும். சனங்கள் அதைவிடச் சமர்த்து. என் சைக்கிள் தெரிந்தாலே வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அம்மை கண்ட வீட்டுக்கு அடையாளம் அது. வெளியாள் நுழையக் கூடாது. நானும் அதை நம்பி, ஒரே நாளில் நாற்பத்தேழு வீட்டில் அம்மை என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரி ஜீப்பில் பறந்து வந்தார். ஒரு வீட்டிலும் ஒரு கொப்புளம் இல்லை. நடுத்தெருவில் அவர் என்னைத் திட்டிய சத்தத்தில் வத்திராயிருப்பு வரைக்கும் தேங்காய் உதிர்ந்தது.

மறு வாரம் இன்னொரு வாசலில் வேப்பிலை. என்னிடமேவா? பிடுங்கி எறிந்துவிட்டு டயர் செருப்போடு உள்ளே போனேன்.

பாயில் ஒரு சிறுமி கிடந்தாள். முகமெல்லாம் அம்மை முத்து. பக்கத்தில் இருந்த தாய் சுடலைமாடத்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். "ஆத்தா இருக்காய்யா" என்றாள்.

"எங்கம்மா பேரை இதுவரைக்கும் நீங்க சொன்னதே இல்லையே" என்றான் ஜெயபாண்டி.

நான் நிறுத்தவில்லை. அன்றே தகவல் கொடுத்திருந்தால் மறுநாளே அந்த வீட்டில் எல்லோருக்கும் குத்தியிருப்பார்கள். கொடுக்கவில்லை. செருப்போடு போனதைச் சொல்ல வெட்கம். அதைவிடப் பெரிய வெட்கம், நோயாளியின் அருகே போனவன் என்று நான் அம்மை குத்திக்கொண்ட தழும்பைப் பரிசோதிப்பார்கள். ஊருக்கெல்லாம் குத்திய எனக்கு ஊசி என்றால் நடுக்கம். வேலையில் சேர என் தோளில் நான் காட்டியது பீடியால் சுட்ட தழும்பு.

பன்னிரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். முகத்தில் இருக்கும் இந்தக் குழிகளெல்லாம் அப்போது வந்தவை. நான் சொல்லி வந்தது போலச் செண்பகத்தோப்புக் காட்டுப் புலி பிறாண்டியதல்ல. அதே வாரம் அந்தச் சிறுமியின் ஒன்பது வயது அண்ணனுக்கும் அம்மை கண்டது.

"உன் கண்ணு என்னாலதாம்ல போச்சு."



"பொய்" என்றான் ஜெயபாண்டி. "என்னையத்தான் வாசல்ல காவலுக்கு இருக்கச் சொன்னாவ. நான் கோலி விளையாடப் போயிட்டேன். எவனும் வரலன்னு எங்கய்யாட்டச் சத்தியம் பண்ணேன். அம்மாவும் காட்டிக்குடுக்கல. காவலை விட்டதுக்குத்தான் ஆத்தா கண்ணை எடுத்துக்கிட்டான்னு இன்னைக்கு வரைக்கும்..."

நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தவன் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டான். பீடியால் சுட்ட அதே தோள்.

"தெருமுனையில நின்னு பார்த்தேன் அண்ணாச்சி" என்றான். "வந்தீக. வலது செருப்புல வார் அறுந்து, சணல் போட்டுக் கட்டியிருந்தீக."