மாற்றுக் கட்சியினர்

வைகை உழவர் கழகம் தாய்க்கட்சியிலிருந்து பிரிந்த நாளில், தலைவர் தங்கப்பாண்டியின் பின்னால் வெளியேறியவர்களில் முதலாமவர் தாமே என்பதைப் பேயாண்டி எவரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. தம் ஊரான கீழக்குயில்குடியில் கழகத்தின் முதல் கொடிக்கம்பத்தை நட்டவரும் அவரே. பின்னர் கழகம் சில வார்டுகளில் வென்றது. பெரிய கட்சிகள் கூட்டணி பேச ஆள் அனுப்பும் அளவிற்கு வளர்ந்தது. அவ்வளர்ச்சியோடு அசோக்குமாரும் வந்து சேர்ந்தான்.

அசோக்குமார் காளவாசலில் செல்போன் கடை நடத்துபவன். கழகத்தில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையவில்லை. ஆயினும் தலைவரின் காரில் முன்னிருக்கை அவனுக்கே உரியதாயிற்று. தலைவர் மேடையில் பேசும்போது அவருடைய கைப்பேசி அவன் சட்டைப்பையில் இருந்தது. இவ்விரண்டில் எது தமக்கு அதிக வேதனை தந்தது என்று பேயாண்டியால் கூற இயலவில்லை.

அவ்வேளையில் திருப்பரங்குன்றம் ஒன்றியச் செயலாளர் பதவி காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் இணைப்பு விழாவின் மேடையிலேயே அதற்கான பெயரை அறிவிப்பதாகத் தலைவர் தெரிவித்திருந்தார். பிற கட்சிகளிலிருந்து அதிகம் பேரை அழைத்து வருபவருக்கே பதவி என்பதை யாரும் சொல்லாமலே அனைவரும் அறிந்திருந்தனர். பேயாண்டி தமது பைக்கில் ஊர் ஊராக அலைந்தார். தேநீர்க் கடைகளில் வாதாடினார். துக்க வீடுகளில் மாலையோடு நின்றார். முடிவில் நாற்பது பேர் மனம் மாறி வரச் சம்மதித்தனர்.

விழா ஒரு திருமண மண்டபத்தில் தொடங்கியது. 'மாற்றுக் கட்சியினர் இணையும் மாபெரும் விழா' என்று மேடையின் பின்புறம் எழுதியிருந்தது. பேயாண்டியின் நாற்பது பேரும் முதலில் ஏறினர். தலைவர் ஒவ்வொருவருக்கும் கட்சித் துண்டு அணிவித்தார். "நல்லதுய்யா பேயாண்டி" என்றார். சொல்லும்போதே அவர் பார்வை வாசலுக்குச் சென்றுவிட்டது.

வாசலில் வெடிச் சத்தம் கேட்டது. வேன்கள் வரிசையாக நின்றன. அசோக்குமாரின் ஆட்கள் கொட்டுமேளத்துடன் இறங்கினர். மண்டபத்துக்குள் நுழைந்த வரிசையின் வால் இன்னும் தெருவிலேயே இருந்தது. அவர்களில் ஒருவனாவது குடித்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தோடு பேயாண்டி ஒவ்வொரு முகமாக ஆராய்ந்தார். அம்முகங்களில் ஒன்று அவருடைய மனைவியின் தம்பி சிவபாண்டியுடையது.

"மாப்ள, நீ இங்க என்னடா பண்ற?"

"கட்சியில சேரப் போறேன் மச்சான்."

"எந்தக் கட்சியில?"

"நம்ம கட்சியிலதான்."

"நீ நம்ம கட்சியிலதானடா இருக்க! உனக்கு கார்டு வாங்கிக் குடுத்ததே நான்தான?"

"அது உங்களுக்காகச் சேந்தது. இது அசோக்கு அண்ணனுக்காக. சத்தம் போடாதீக மச்சான், பிரியாணி இன்னும் போடல."

பின்னால் நின்ற பால்பாண்டி சிரித்தான். அவனும் கீழக்குயில்குடிக்காரனே. "நீங்க கூப்பிட்டா ஒரு டீயோட அனுப்பிருவீக. அசோக்கு அண்ணே வேன்ல ஏசி போட்டுல்ல கூட்டிட்டு வந்தாரு!"

பேயாண்டி மீண்டும் வரிசையை நோக்கினார். பாதிப் பேர் தம் ஊர்க் கிளையின் உறுப்பினர்களே என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. நெடுநாள் அறியாத ஒரு மகிழ்ச்சி பிறந்தது. அசோக்குமார் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான். எனினும் முன்வரிசையில் நிருபர்களும் கூட்டணிக் கட்சியின் பிரதிநிதியும் அமர்ந்திருந்தனர். உரக்கச் சொன்னால் கழகத்தின் மானம் போகும். தலைவரின் காதில் மட்டும் சொல்லிவிட்டால் பதவி தமக்கே என்று அவர் முடிவு செய்தார். மேடைப் படிகளைத் தொண்டர்கள் அடைத்து நின்றதால், மேலே செல்ல அந்த வரிசை ஒன்றே வழியாக இருந்தது. சிவபாண்டிக்கு முன்னால் அவரும் நுழைந்துகொண்டார்.

மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்த அசோக்குமார், அவரைக் கண்டதும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினான், பிறகு தொடர்ந்தான். தலைவர் துண்டை விரித்துப் பேயாண்டியின் தோளில் அணிவித்தார்.

"தலைவரே, இவிங்கள்ல பாதிப் பேரு நம்ம ஆளுகதான். அசோக்கு உங்கள ஏமாத்துறான்" என்று அவர் காதோடு கூறினார்.

தலைவரின் புன்னகை சற்றும் குலையவில்லை.

"தெரியும்யா. நான்தான் அப்பிடிச் செய்யச் சொன்னேன். கூட்டணிக்காரன் முன்னால உக்காந்து தலைய எண்ணிக்கிட்டிருக்கான். போட்டோ எடுக்குறாங்க, சிரி."

பேயாண்டி சிரித்தார். கேமரா மின்னியது.

சிறிது நேரத்தில் ஒன்றியச் செயலாளராக அசோக்குமாரின் பெயர் அறிவிக்கப்பட்டது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பேயாண்டி மண்டபத்தின் ஓரத்தில் நின்றார். நடந்த பொய் அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அந்த இரகசியத்தை ஒப்படைக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது, தலைவரின் நினைவிற்குத் தம் முகம் வரவில்லை. அந்த ஒன்றே அவரை எரித்தது.

மாலைகளோடு அசோக்குமார் அவரைத் தேடி வந்தான்.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீக."

"எப்பச் சொன்னாரு உங்கிட்ட?"

"எத அண்ணே?"

"நம்ம ஆளுகளையே திரும்பச் சேக்கச் சொன்னத."

"போன வாரம்ணே. சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில சொன்னாரு."

"எங்க வெச்சு?"

"அவுக வீட்டுலதான்."

"வீட்டுக்குள்ளயா?"

தலைவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் பேயாண்டி ஒருநாளும் சென்றதில்லை.

"என்ன கொழம்பு?"

"அயிர மீனுண்ணே."

பேயாண்டி பந்திப் பக்கம் திரும்பினார். மனம் மாறி வந்த நாற்பது பேரும் இலைக்கு முன்னால் அமர்ந்து அவரை நோக்கிக் கையசைத்தனர். அவர் அசோக்குமாரின் முழங்கையைப் பற்றி அருகில் இழுத்தார்.

"அடுத்த விழாவுக்குத் தலைவர எங்கிட்டச் சொல்லச் சொல்லு தம்பி. அந்தா உக்காந்திருக்காக பாரு, அவுகளையே திரும்பக் கொண்டாரேன்."