குதிரைக்கு விலை

அந்தத் தையல் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அதனடியில் உட்காருகிறவருக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். அந்த இடத்துக்காகத்தான் ஒன்பது பேரும் காகித அணி ஆடினார்கள். டிவியில் ஆடும் நிஜக் கால்பந்து வீரர்களில் பதினொரு பேரை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வார்கள். வீரர் அங்கே கோல் போட்டால் இங்கே புள்ளி. சீசன் முடிவில் முதலில் வருபவருக்கு ஒரு வருஷம் ஜன்னல். வீரரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆளுக்கு ஆள்தான்.

புள்ளி நோட்டு, தைத்த சட்டையில் குறை பார்க்கும் செக்கிங்காரியிடம் இருந்தது. பிசிறு நூலைக்கூட விடாத கண் என்று எல்லோருமாகக் கொடுத்த பொறுப்பு.

அன்று டீ நேரத்தில் காலர் தைக்கும் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். இரண்டு வருஷமாக ஜன்னலடியில் இருப்பவர் அவர்தான்.

“காஜாக்கா, உங்க குதிரைய எனக்குத் தாங்க. பதிலுக்கு ஆள் வேண்டாம், காசே தர்றேன்.”

குதிரை என்பது அந்த சீசனில் கோலாகக் குவித்துக்கொண்டிருந்த முன்கள வீரன். யாரும் சீண்டாத நாளில் காஜாக்கா எடுத்த ஆள். சட்டைக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, போடும் அந்த அக்கா, நூல் சுற்றிய தன் உடைந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

“புதுக் கண்ணாடி விலை வருமா?”

“ஃப்ரேமோட வரும்.”

“குதிரைய வித்தா கொள்ளு யாருக்கு?” என்றார் அயர்ன் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். செக்கிங்காரி மட்டும் சிரிக்கவில்லை.

டப்பாவில் பொத்தான் போட்டுத் தீர்மானித்தார்கள். காசு சரி என்றால் வெள்ளை, கூடாது என்றால் கறுப்பு. வாங்குபவரும் விற்பவரும் போடக்கூடாது. நோட்டு வைத்திருப்பவள் கடைசியில்தான். டப்பாவைக் கவிழ்த்தபோது மூன்றுக்கு மூன்று.

“இனி செக்கிங்தான் சொல்லணும்,” என்றார் மாமா.

வெள்ளையும் கறுப்புமாக இரண்டு பொத்தானை அவள் கையில் எடுத்தாள். இரண்டு வாரமாக காஜாக்காவின் துளைகள் கோணலாகவே வந்தன. யாருக்கும் சொல்லாமல் அவளே பிரித்து, தன் மேஜை விளக்கடியில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி பார்த்தால் அக்காவின் வேலை போய்விடும். வெள்ளை போட்டால் கண்ணாடி வந்துவிடும். ஆனால் இன்று அக்காவுக்குக் கண்ணாடி, நாளை இன்னொருவருக்கு வாடகை. பணமுடை வருகிறவரெல்லாம் நல்ல ஆளை விற்பார்கள். காலருக்குத்தான் கூலி அதிகம். ஜன்னல் எப்போதும் அவரிடமே இருக்கும். பிறகு ஆடுவானேன்? அதே சமயம், அக்காவின் பொருளை விற்காதே என்று சொல்ல நான் யார்?

கறுப்புப் பொத்தானை வைத்தாள்.

“உனக்கென்னடி,” என்றார் காஜாக்கா. “நியாயம் பேச உனக்குக் கண்ணு தெரியுது.”

காலர் அண்ணன் விடவில்லை. “சரி, ஆளுக்கு ஆளே. என் அணியில யார வேணா எடுத்துக்கங்க.”

“காசுன்னா தந்திருப்பேன். ஆளுக்கெல்லாம் குதிரை கிடையாது. போய் காலரத் தைங்க.”

கூடம் மறுபடி சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தன் இடத்துக்குப் போய், ஊசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து நூல் கோர்க்கப் பார்த்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் நூல் வெளியேதான் போனது.

செக்கிங்காரி தன் மேஜையைப் பார்த்தாள். கூடத்திலேயே பெரிய விளக்கு அவள் தலைக்கு மேல்தான் எரிந்துகொண்டிருந்தது. கறை பார்க்க வேண்டும் என்று முதலாளி போட்டுத்தந்தது. அதற்கு யாரும் போட்டி போட்டதில்லை. அவளும் யாரையும் கூப்பிட்டதில்லை.

எழுந்துபோய் அக்காவின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டாள்.

“ஏய், எங்கடி கொண்டுபோற?”

“என் பக்கத்துல போடப்போறேன். வாங்கக்கா.”

“கறுப்பு வச்சவ பக்கத்துல நான் உக்கார மாட்டேன்.”

“பேச வேண்டாம். உக்காந்தா போதும்.”

சட்டைக் குவியலை ஓரமாகத் தள்ளிப் பாதி மேஜையை ஒழித்தாள். அக்கா வெகுநேரம் நின்றார். பிறகு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்தார். ஊசியை விளக்குக்கு நேரே பிடித்தார். முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது.

“கண்ணாடி இன்னும் வாங்கணும்,” என்றார் கோபம் ஆறாமல்.

“ஆமாக்கா.”