மறுமுனை யார் கையில்

“வருதா?”

“வருது ஐயா, வருது!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பும் சேர்ந்து வந்தது. காளியம்மா நறுக்கிக்கொண்டிருந்த பயற்றங்காயைக் கீழே வைத்தாள். ஜொகூர் பாரு பெர்மாஸ் ஜெயாவின் வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இங்கே இருந்தே சொல்லிவிடலாம்.

“வருதாம்,” என்றாள் சுவரைப் பார்த்து.

கூரைக்குள் தலையை விட்டுக் கேபிளைத் தள்ளிக்கொண்டே “வருதா?” என்று கேட்டது அவள் கணவர் லெட்சுமணன். முப்பது வருடமாக அப்படித்தான் கேட்கிறார். “வருது” என்று பதில் சொல்வது எப்போதும் அவள்தான். சாஆ எஸ்டேட்டில் டிவி ஏரியல் கட்டிய நாளிலும், பிறகு ஜொகூர் பாரு வந்து வீடு வீடாக டிஷ் மாட்டிய நாளிலும், கேபிளின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் கையில். வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் இரண்டு பேருமாகத்தான் போவார்கள்.

இன்றைக்கு மறுமுனை பக்கத்து வீட்டு தவமணிதேவி டீச்சர் கையில். டீச்சர் யாழ்ப்பாணக் குடும்பம், ஓய்வு பெற்றவர். இன்டர்நெட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மோடம் ஹாலில் இருந்தது, வகுப்பு பின்னறையில் நடந்தது. கோக்ஸியல் கேபிளைப் பின்னறை வரைக்கும் நீட்டி மோடத்தை அங்கே வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காலையில் அவர் புறப்பட்டபோதே பேச்சு நடந்தது.

“நான் வரலையா?”

“நீதானே போன மாசம் சொன்ன, முழங்கால் வலிக்குது, இனிமே என்னைக் கூப்பிடாதீங்கன்னு?”

“அது ஐயாசாமி வீட்டு மாடிப்படியைப் பார்த்துச் சொன்னது. டீச்சர் வீட்டுல ஏது மாடி?”

“டீச்சரே பிடிக்கிறேன்னுட்டாங்க லா.”

“ஓ. கூரைக்குள்ள பல்லிதான் இருக்கு. யாருக்குக் காட்ட அயர்ன் போட்ட சட்டை?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் தேங்காய்ப்பால் சொதியின் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. பின்னாலேயே டீச்சரின் குரல். “முதல்ல சாப்பிடுங்கோ ஐயா. இடியப்பம் ஆறிப்போகும்.”

“அருமையா இருக்கு டீச்சர்.”

காளியம்மாவின் கை நின்றது. இவள் இடியப்பம் செய்த அன்றெல்லாம், நூலைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளி வைத்த மனிதர்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மோடத்தில் கேபிளை மாட்டியதும், சத்தம் மாறியது.

“வருதா?”

“இல்லை ஐயா. சிவப்பு லைட்டுத்தான்.”

“இப்ப?”

“இல்லையே.”

காளியம்மாவுக்கு அது முதலில் இனித்தது. “நல்லாப் பிடிங்க டீச்சர், நல்லா,” என்று முணுமுணுத்தாள். ஆனால் நாலாவது முறை “இப்ப?” என்று வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். கேபிளின் தோலைச் சீவினால் உள்ளே பின்னல் கம்பி, நடுவில் செம்பு. பின்னலில் ஒரே ஓர் இழை செம்பைத் தொட்டாலும் லைன் வராது. இரண்டு வருடமாக அந்த இழை லெட்சுமணன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் சீவுவார், அவள் வாங்கிப் பார்ப்பாள். அவள் “ம்” என்ற பிறகுதான் கனெக்டரை மாட்டுவார். இதைப்பற்றி இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை.

வேலிக்கு மேல் டீச்சரின் முகம் தெரிந்தது.

“காளியம்மா, ஒருக்கா வாங்கோ. மோடம்தான் பழுது எண்டு ஐயா சொல்லுறார். முகமே வாடிப்போச்சு.”

“அவரு கூப்பிட்டாரா, நீங்களா கூப்பிடுறீங்களா?”

“அவர் கூப்பிட வேண்டாம் எண்டுதான் சொன்னவர். உங்களுக்கு முழங்கால் வருத்தமாம்.”

“முழங்காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு,” என்று காளியம்மா எழுந்தாள்.

பின்னறையில் லெட்சுமணன் மோடத்தின் முன்னால் குந்தியிருந்தார். அயர்ன் போட்ட சட்டை முழுக்கக் கூரைத் தூசி. அதன் நுனியிலேயே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் கேபிளைக் கழற்றி, கனெக்டரைத் திருகி எடுத்து, நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். இருந்தது. தலைமயிர் மாதிரி ஓர் இழை செம்பின் மேல் சாய்ந்திருந்தது. நகத்தால் கிள்ளினால் போதும்.

உடனே கிள்ளவில்லை. இப்படியே மாட்டிவிட்டால் சிவப்பு லைட் சிவப்பாகவே இருக்கும். டீச்சர் கம்பெனி ஆளைக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு இந்த வீட்டு இடியப்பத்துக்கு இவரை யாரும் அழைக்க மாட்டார்கள்.

லெட்சுமணன் இன்னும் அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், குடிக்கத் தண்ணி குடுங்களேன்,” என்றாள். டீச்சர் சமையலறைக்குள் போனதும் கிள்ளினாள், மாட்டினாள், திருகினாள். டீச்சர் கிளாசோடு திரும்பியபோது லைட் பச்சையாக இருந்தது.

“அட, வந்திட்டுதே! என்ன செய்தனீங்கள்?”

“நான் என்னத்தச் செஞ்சேன்? அவருதான் கழட்டித் திரும்ப மாட்டினாரு.”

“எனக்குத் தெரியும். ஐயா சரியான கெட்டிக்காரர். அடுத்த கிழமை முன்னறைக்கும் ஒரு லைன் இழுக்க வேணும் ஐயா. நானே பிடிக்கிறன்.”

காளியம்மா கிளாசை வாங்கினாள். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

“உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தத் தூசியெல்லாம்? நீங்க பிள்ளைங்களைக் கவனிங்க. நான் வந்து பிடிக்கிறேன்.”

“உங்கட முழங்கால்?”

“அது மாடி ஏறினாத்தான் வலிக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் லெட்சுமணன் ஒரு டப்பாவை மேசையில் வைத்தார்.

“டீச்சர் உனக்குக் குடுத்தாங்க.” சட்டைத் தூசியைத் தட்டினார். “அவங்க எதிர்லயே நீ சொல்லியிருக்கலாம்.”

“என்னத்த?”

“ஒண்ணுமில்ல.”

“எத்தனை சாப்பிட்டீங்க?”

“நாலு.”

அவள் அவரையே பார்த்தாள்.

“ஆறு,” என்றார்.

“காலையில ‘வருது ஐயா’ன்னு சொல்றப்ப அங்க என்ன அப்படிச் சிரிப்பு?”

“பல்லி. என் தலையில விழுந்துச்சு.”

காளியம்மா நம்பவில்லை. டப்பாவைத் திறந்து, ஓர் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்து வாயில் வைத்தாள்.

“உப்பே இல்ல,” என்றாள்.

பிறகு இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.