ஆறாவது கேள்வி

மக்களவையில் கேள்வி கேட்பது என்றால் எழுந்து நின்று கேட்பது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு குலுக்கல் இருக்கிறது. உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கும் நூற்றுக்கணக்கான கேள்விகளில் நாளொன்றுக்கு இருபதைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த இருபதுக்கு மட்டும் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அதற்கு இருக்கும் நேரம் பதினோரு மணி முதல் பன்னிரண்டு வரை. ஒவ்வொரு கேள்விக்கும் துணைக்கேள்விகள் கிளம்பும், அதில் ஒரு சண்டை வரும், சபாநாயகர் மணி அடிப்பார். ஐந்தாவது கேள்வியைத் தொட்டாலே நல்ல நாள். மிச்சமெல்லாம் அச்சடித்த பதிலாக மேசைக்குப் போய்விடும்.

ரத்தினவேலின் கேள்வி ஆறாவதாக வந்திருந்தது.

ரத்தினவேல் முதல் தடவை எம்.பி. அந்தக் கேள்வியை எழுதியது அவருடைய உதவியாளர் நல்லசிவம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே மணல்குடி என்ற கடற்கரைக் கிராமம் அவனுக்குச் சொந்த ஊர். மனைவி சாந்தகுமாரியும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனார் சிவஞானமும் அங்கேதான் இருந்தார்கள். கடலுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் முன்பு இன்னொரு வரிசை வீடுகள் இருந்தன. போன மழைக்காலத்தில் அந்த வரிசை போய்விட்டது.

அது ஏன் போயிற்று என்பதை நல்லசிவம் யார் கேட்டாலும் மேசைமேல் உப்பைக் கொட்டி விளக்குவான். கிழக்குக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தின் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். நம் ஊர் மணல் வடக்கே போனால், தெற்கூர் மணல் நமக்கு வந்து ஈடு கட்டும். நடுவில் யாராவது துறைமுகம் கட்டுகிறேன் என்று கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி நீட்டினால், மணல் அதன் தென்பக்கத்திலேயே தங்கிவிடும். வடக்கே இருப்பவனுக்குப் போவது போகும், வருவது வராது. இதோடு கடல் மட்டமும் ஏறுகிறது, புயலும் கூடுகிறது. மணல்குடிக்கு ஒரு கல்சுவர் வேண்டும்.

சுவருக்கான கோப்பு அமைச்சகத்தில் இருந்தது; கேள்வி அதைப் பற்றியதுதான். அங்கே ஒரு கணக்கு உண்டு: சுவரின் செலவு ஒரு பக்கம், அது காக்கும் குடியிருக்கும் வீடுகள் மறுபக்கம். பூட்டிய வீடு கணக்கில் வராது. அதனால்தான் சாந்தகுமாரி மாயவரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டபோதெல்லாம் நல்லசிவம் வேண்டாம் என்றான். தெருக்காரர்களிடமும் அதையே சொல்லியிருந்தான். "ஆள் இல்லாத ஊருக்கு எவனும் சுவர் கட்ட மாட்டான். கேள்வி வரட்டும். அதுவரைக்கும் யாரும் கிளம்பாதீங்க." தெரு முழுக்க அவன் பேச்சை நம்பி இருந்தது.

கேள்வி வந்தால் என்ன ஆகும்? அமைச்சர் சபையில் எழுந்து "கவனிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும். அது வாக்குறுதி என்று பதிவாகும். வாக்குறுதிகளைத் துரத்துவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நிறைவேற்ற மூன்று மாதம் கெடு வைத்து அமைச்சகத்தைக் குடையும். அச்சடித்த பதிலில் அந்த ஒரு வார்த்தை தப்பித் தவறியும் வராது. அதிகாரிகள் அப்படித்தான் எழுதுவார்கள். எதிரே நின்று கேட்டால்தான் வாய் தவறும்.

ஆகவே ஆறாவது கேள்வியை எட்ட வேண்டுமானால், முன்னால் இருப்பவர்கள் விலக வேண்டும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நல்லசிவம் டில்லியில் எம்.பி.க்கள் குடியிருக்கும் நார்த் அவென்யூவில் வீடு வீடாக ஏறினான். மூன்றாம் கேள்விக்காரர் ஒரே ஒரு துணைக்கேள்வியோடு உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். ஐந்தாம் கேள்வி பீகார்க்காரர் திவாரியுடையது. அவர் பனியனோடு வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"அச்சா. என் கேள்விக்கு முடியாதுன்னுதான் பதில் வரும், எனக்கே தெரியும். விட்டுக் கொடுக்கறேன். ஆனா ஒண்ணு பையா," என்றார் ஹிந்தியில். "உள்ள உட்கார்ந்திருக்கும்போது என் பேரைக் கூப்பிட்டா நான் எழுந்துடுவேன். இருபது வருஷப் பழக்கம், கால் கேக்காது. என்னை வெளியவே பிடிச்சு வையுங்க. உங்க சாப் எனக்குக் காப்பி வாங்கித் தரட்டும்."

ரத்தினவேலிடம் இதைச் சொன்னபோது அவர் திகைத்தார்.

"எனக்கு ஹிந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. அவ்வளவு நேரம் என்னத்தப்பா பேசுறது?"

"பேச வேணாம்ணே. காப்பி குடிங்க."

"நடுவுல ஒண்ணுக்குப் போறேன்னு எந்திரிச்சு அப்படியே சபைக்குள்ள நுழைஞ்சிட்டார்னா?"

"நீங்களும் கூடப் போங்கண்ணே. பதினொன்றரைக்கு நீங்க மட்டும் உள்ள வந்து உட்கார்ந்தா போதும். எப்படிப் பார்த்தாலும் ஆறாவது அதுக்கு முன்ன வராது."

இந்தக் கணக்கில் தப்பே கிடையாது. எந்த நாளை எடுத்துப் பார்த்தாலும் சரியாகவே வரும்.

மறுநாள் அனுமதிச் சீட்டோடு நல்லசிவம் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தான். ரத்தினவேலும் திவாரியும் மைய மண்டபத்தில் காப்பிக்கு உட்கார்ந்தார்கள்.

முதல் கேள்விக்காரர் வரவில்லை. மழையில் விமானம் தாமதம் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். உறுப்பினர் இடத்தில் இல்லையென்றால் சபாநாயகர் காத்திருக்க மாட்டார்; அடுத்ததுக்குப் போய்விடுவார். இரண்டாவது கேள்விக்காரர் அமைச்சரின் பதிலைக் கேட்டார், திருப்தி என்றார், உட்கார்ந்துவிட்டார். அந்தச் சபையில் யாரும் திருப்தி என்று சொல்லி நல்லசிவம் கேட்டதில்லை. மூன்றாம் கேள்விக்காரர் கொடுத்த வாக்கின்படி ஒரே ஒரு துணைக்கேள்விக்காக எழுந்தார். நல்லசிவத்தின் கண் நான்காம் கேள்விக்காரரின் இருக்கைக்குப் போயிற்று. அது காலியாக இருந்தது.

அவன் எழுந்து வெளியே ஓடினான்.

மைய மண்டபத்துக்குள் உதவியாளர்கள் போக முடியாது. படிக்கட்டில் நின்ற காவலரின் கையைப் பிடித்துக்கொண்டான். "பாயி சாப், ஜல்தி. ரத்தினவேல் எம்.பி.யை உடனே உள்ள வரச் சொல்லணும். உங்க காலைத் தொடறேன்."

காவலர் நல்ல மனிதர். சீட்டு எழுதி வாங்கினார். ஆனால் அவரும் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. அவர் கீழே இருந்தவரிடம் கொடுத்தார், அவர் வராந்தாவில் நின்றவரிடம் கொடுத்தார், அவர் மண்டபக் கதவில் இருந்தவரிடம் போனார். நல்லசிவம் திரும்ப மாடத்துக்குள் நுழையும்போது மறுபடியும் அவனுடைய பையைத் தடவிச் சோதித்தார்கள். உள்ளே வந்தபோது சபாநாயகர் திவாரியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திவாரி இல்லை.

"ஸ்ரீ ரத்தினவேல்."

நல்லசிவம் மாடத்துக் கைப்பிடியைப் பிடித்தான். மேலிருந்து ஒரு வார்த்தை கத்தினாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கத்தியும் பயனில்லை; கேள்வியை உறுப்பினர்தான் கேட்க வேண்டும். சபாநாயகர் தலையைத் தூக்கி ஒரு கணம் பார்த்தார். பிறகு ஏழாவது கேள்விக்காரரின் பெயரைச் சொன்னார்.

ஏழாமவர் பேசத் தொடங்கிய பிறகு கதவு திறந்தது. ரத்தினவேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் திவாரி. நிலைமையைப் புரிந்துகொண்டு முதலில் கத்தியது திவாரிதான். "அத்யக்ஷ்ஜி! தப்பு என்னுடையது! இவருடைய ஊரைக் கடல் எடுத்துக்கொண்டிருக்கிறது!"

சபையில் சிலர் சிரித்தார்கள். சபாநாயகர் கையமர்த்தினார். "உட்காருங்கள். இருபதும் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் விட்டுப்போனதை மறுபடி கூப்பிடுவேன்."

அப்படி ஒரு விதி உண்மையிலேயே உண்டு. நல்லசிவத்துக்கு அது தெரியும். மணி பதினொன்றே கால்கூட ஆகவில்லை. இன்றைக்கு ஓடுகிற ஓட்டத்தில் இருபதும் முடியலாம். ஏழு முடிந்தது. எட்டு முடிந்தது. ஒவ்வொருவரும் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று அவன் வாய்க்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒன்பதாவது வெங்காய விலை. எதிர்வரிசை மொத்தமும் எழுந்து சபையின் நடுவுக்கு வந்துவிட்டது. சபாநாயகர் மூன்று முறை உட்காரச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவையைப் பன்னிரண்டு மணிவரை ஒத்திவைத்தார்.

அச்சடித்த பதிலை ரத்தினவேல் வெளியே கொண்டுவந்து கொடுத்தார். மாநில அரசிடமிருந்து முழுமையான திட்டம் வரவில்லை என்றும், ஆகவே கேள்வியின் மற்றப் பகுதிகளுக்குப் பதில் தேவைப்படவில்லை என்றும் அதில் இருந்தது. திட்டம் வந்து சேர்ந்ததற்கான ரசீது ரத்தினவேலின் சட்டைப் பையில் இருந்தது. துணைக்கேள்வியில் அதைத் தூக்கிக் காட்டத்தான் கொண்டுவந்திருந்தார்.

"இன்னொண்ணு போடுவோம் தம்பி."

"பதினஞ்சு நாள் முன்னாடி தரணும்ணே. கூட்டமே அடுத்த வாரம் முடியுது."

"அப்ப குளிர்காலத்துக்கு."

"அதுக்கு முன்னாடி ஐப்பசி வந்துரும்."

ரத்தினவேல் தூணில் சாய்ந்துகொண்டார். திவாரி வந்து அவர் தோளில் கை வைத்தபடி நின்றார்.

கோல் மார்க்கெட்டில் ஒரு எஸ்.டி.டி. கடையில் நல்லசிவம் எண்ணைச் சுழற்றினான். மணல்குடியில் டெலிபோன் இருப்பது கலியன் கடையில் மட்டும். கலியன் ஆளனுப்பி, சாந்தகுமாரி ஓடி வந்து எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நிறையப் பேர் நிற்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"என்னங்க, கேட்டாங்களா?"

"இல்ல."

"நேரம் பத்தலையா?"

"நேரம் இருந்துச்சு. அண்ணன் சபைக்குள்ள இல்ல. நான்தான் வெளிய உட்கார வெச்சேன்."

அவள் விளக்கம் கேட்கவில்லை. "நேத்து ராத்திரி அலை கொல்லைப்புறம் வரைக்கும் வந்துச்சு. அப்பா கட்டிலுக்கு அடியில ஈரம். உங்ககிட்ட சொன்னா கவலைப்படுவீங்கன்னு..." நிறுத்தினாள். "இப்ப சொல்லுங்க. இருக்கவா, போகவா? தெருவே இங்கதான் நிக்குது. நீங்க சொன்னா இன்னும் இருப்பாங்க."

இருந்தால் ஐப்பசி. போனால் வீடுகள் பூட்டிவிடும், கணக்கின் மறுபக்கம் காலியாகும், கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு யார் எழுந்து கேட்டாலும், எந்த ஊருக்கு என்று அமைச்சர் கேட்பார். நல்லசிவம் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"போங்க."

"எப்ப?"

"இன்னிக்கே. அப்பாவைக் கட்டிலோட தூக்கச் சொல்லு."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

அவள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே திரும்பியிருக்க வேண்டும். தூரத்தில் அவள் குரல் கேட்டது.

"கலியன் அண்ணே, அவரே சொல்லிட்டாரு. வீட்டைப் பூட்டச் சொல்லுங்க."