பக்கத்து அறையில் ஓர் ஆள்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. வெஸ்ட் வின்ட்சரில் என்னோடு நியூயார்க் ரயிலுக்குக் காத்திருக்கும் பர்வதம் சொன்னது. "எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா பாவப்பட்ட அம்மா கதையா எழுதாதீங்க."

ஆகவே, 'கலங்கிய கண்களோடு பர்வதம் ஜன்னலருகே' என்று தொடங்கிய முதல் வாக்கியம் அந்தரத்திலேயே நிற்கட்டும். இந்தக் கதை நடந்த காலையில் அவர் அழவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு மகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

2.

மகள் அஞ்சனாவுக்கு இருபத்து நான்கு வயது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். எப்போதாவது வலிப்பும் வரும். தோழியோடு தனி அபார்ட்மென்டில், உதவியாளர் துணையுடன் வாழ வேண்டும் என்பது அவள் ஆசை. உதவியாளருக்கான செலவை அரசு ஏற்கும். எவ்வளவு நேரத் துணை என்பதை, மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து கேட்டு எழுதும் பதில்களை வைத்துத் தீர்மானிப்பார்கள். எவ்வளவு முடியாதோ, அவ்வளவு உதவி.

(இங்கே ஒரு கட்டுரையே எழுதி அடித்துவிட்டேன். மிஞ்சியது இது: "என் பொண்ணால முடியும்" என்று பள்ளிக்கூடங்களோடு காலமெல்லாம் சண்டை போட்டவரை, ஒரே காலையில் "முடியாது" என்று சொல்லவைக்கும் ஏற்பாடு.)

"சமைக்கத் தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லுடா கண்ணா."

"பட் ஐ மேக் ரசம், அம்மா."

"இன்னிக்கு மட்டும் தெரியாது."

3.

மதிப்பீட்டாளர் டெனிஸ் வந்தார். [இவரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். பர்வதம் ஒப்புக்கொள்ளவில்லை. "நல்ல மனுஷிங்க. கேள்விங்கதான் அப்படி."]

தானாகக் குளிப்பாளா? சமைப்பாளா? மாத்திரை போட்டுக்கொள்வாளா? ஒவ்வொன்றுக்கும் பர்வதம் "நோ" என்றார். பக்கத்தில் அஞ்சனாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் அவள் அம்மாவின் கையைத் தட்டினாள்.

"மை டர்ன்."

(அதன்பின் அவள் பேசியதும் ஆங்கிலம்தான். தமிழாக்கும்போது வாக்கியங்களைச் சீர்செய்யக் கை பரபரத்தது. செய்யவில்லை.)

"எனக்குக் குளிக்கத் தெரியும். ரசம் தெரியும். மாத்திரை, அம்மா டப்பாவுல போட்டு வெச்சா எடுத்துப்பேன். போட்டு வெக்கத் தெரியாது. கதவைத் தட்டறவங்க சிரிச்சா திறந்துடுவேன். அது தப்பு. ஆனா திறந்துடுவேன். வலிப்பு வந்தா எனக்குத் தெரியாது. அப்புறம்தான் தெரியும். ராத்திரி ஒருத்தர் இருக்கணும். பக்கத்து ரூம்ல. என் ரூம்ல வேண்டாம்."

டெனிஸ் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லு. நீ சொல்ற மாதிரியே எழுதிக்கறேன்."

அஞ்சனா மறுபடி சொன்னாள், இன்னும் நிதானமாக.

கூடவே இருந்து வளர்த்த பர்வதத்துக்கு அந்தக் கதவு விஷயம் தோன்றியதே இல்லை. தன்னால் முடியாததைக் கூச்சமில்லாமல் எடுத்துச் சொல்ல இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? தான் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவர் மனம் அப்போது ஒரு

இல்லை, உவமை வேண்டாம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொன்னதையெல்லாம் அடிச்சிடுங்க. அவ சொன்னதுதான் சரி."

4.

அரசின் முடிவு இன்னும் வரவில்லை. கதைக்கு நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், இரவுத் துணை கிடைத்து அஞ்சனா தோழியோடு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியேறுகிறாள். மற்றதில், துணை பகலுக்கு மட்டும். தாயும் மகளும் மேல்முறையீடு செய்கிறார்கள். எது நடக்கும் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டையும் பிளாட்பாரத்தில் பர்வதத்திடம் படித்துக்காட்டினேன். ரயில் வரும் சத்தத்தில் அவர் கிட்டத்தட்டக் கத்தித்தான் சொன்னார்:

"எதை வேணாலும் போடுங்க! ஆனா அவ பேசினதை நான் பேசினதா எழுதிடாதீங்க!"