பாதுகாப்புக் கோப்பை

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கும் விசில்காரருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை.

விசில்காரர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். படையில் இருந்து ஓய்வு பெற்றுப் பள்ளிக்குப் பாதுகாப்பு ஆலோசகராக வந்தவர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். எங்கோ கடல் தாண்டி ஒரு சண்டை மூண்டு, எந்த வீட்டில் டிவியைப் போட்டாலும் இடிந்த கட்டடமும் புகையுமாக இருந்த சமயம் அது. பெற்றோர் பயந்தார்கள். பயந்தவர்கள் சும்மா இருப்பார்களா? தலைமையாசிரியையின் உயிரை வாங்கினார்கள். அவர் விசில்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பிள்ளைகள் டீச்சரின் உயிரை வாங்கினார்கள். ஒரு நாள் கணக்குப் பாடத்தின் நடுவே பொடி எழுந்து நின்றாள். வகுப்பிலேயே குள்ளமான பெண் என்பதால் அவள் பொடி.

"டீச்சர், அந்தக் குண்டு இங்க வரைக்கும் வருமா?"

டீச்சருக்கு மழுப்பத் தெரியாது. அது அவருடைய நல்ல குணமா கெட்ட குணமா என்று வீட்டிலேயே பெரிய விவாதம் உண்டு. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அது ரொம்ப தூரம். இங்க வராதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா எதுவுமே நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஒண்ணுக்கு மட்டும் சத்தியம் பண்றேன். எது நடந்தாலும் நாம எல்லாரும் ஒண்ணா இருப்போம். யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்."

பொடி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தலைவி அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். அந்தத் தலைவிக்கு நாட்டாமை என்று பெயர். யார் பென்சிலை யார் எடுத்தது என்பதில் தொடங்கி ஊர் வழக்கெல்லாம் அவளிடம்தான் போகும். இருவரும் முதல் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு.

மறுநாளே தலைமையாசிரியையின் அறையில் டீச்சருக்கு அர்ச்சனை நடந்தது. "எதுவும் நடக்காதுன்னு சொல்ல மாட்டேன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களாமே? ராத்திரி பூரா தூங்கலயாம். போன் மேல போன் வருது. இனிமே இந்த விஷயத்துல நீங்க வாயைத் திறக்க வேண்டாம். சார் பாத்துக்குவாரு."

சார் பார்த்துக்கொண்டார். எப்படி? அந்த வாரமே வகுப்புக்கு வந்தார். பலகையைத் துடைக்கச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "நீளமா விசில் கேட்டா கதவைச் சாத்து. தாழ்ப்பாளைப் போடு. சுவரோரமா உக்காரு. யார் தட்டினாலும் திறக்காதே. புரிஞ்சுதா?"

"அம்மா தட்டினாலுமா சார்?" என்றான் ஒருவன்.

"அம்மா தட்டினாலும். கெட்டவன் உங்கம்மாவைப் பிடிச்சு வச்சு, தட்டுடீன்னு மிரட்டலாமில்ல? குரல் உங்கம்மா குரல்தான். பின்னாடி நிக்கிறது யாரு?"

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்ற வீம்பு ஒரு பக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். பேசாமல் இருந்துவிட்டார்.

போகும்போது விசில்காரர் நாட்டாமையைத் தாழ்ப்பாளுக்குப் பொறுப்பாக்கினார். நன்றாகச் செய்யும் வகுப்புக்கு ஒரு கோப்பையும் உண்டு என்றார். நாட்டாமைக்கு அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

விசில் வந்தது ஒரு காலை வேளையில். அது பயிற்சி என்று யாருக்கும் சொல்லவில்லை, டீச்சருக்கும்தான். முந்தின நாள் டிவியில் சண்டை இன்னொரு நாட்டுக்கும் பரவிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். நீளமான விசில் சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வந்தபோது டீச்சரும் அதை நிஜம் என்றே நம்பினார். நாட்டாமை பாய்ந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பிள்ளைகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். ஒருவன் சத்தமில்லாமல் அழுதான். டீச்சரின் கண் ஒவ்வொரு முகமாகத் தேடியது. பொடியைக் காணோம். கழிவறைக்குப் போகிறேன் என்று கேட்டுவிட்டுப் போனவள்.

வெளியே யாரோ ஓடிவரும் சத்தம். அப்புறம் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம்.

"டீச்சர்! நான்தான் டீச்சர்! திறங்க!"

டீச்சர் கதவை நோக்கி நடந்தார். நாட்டாமை கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"வேணாம் டீச்சர். அவளைப் பிடிச்சு வச்சிருப்பாங்க."

"தள்ளு."

"திறக்காதீங்க டீச்சர்! திறக்காதீங்க!" வகுப்பே கத்தியது. நாலைந்து பேர் ஓடிவந்து டீச்சரின் கைகளைப் பிடித்துத் தொங்கினார்கள். அந்தக் கைகள் சில்லென்று இருந்தன.

"நாட்டாமை, நான்தாண்டி! என் குரல் தெரியலயா?"

நாட்டாமை கண்களை இறுக மூடிக்கொண்டாள். "போயிடு!" என்று வெளியே கேட்கும்படி கத்தினாள். "போயிடுடி இங்கிருந்து!"

தட்டுகிற சத்தம் நின்றது.

சிறிது நேரத்தில் குட்டை விசில் கேட்டது. பயிற்சி முடிந்தது. டீச்சர் பிள்ளைகளை உதறிவிட்டுக் கதவைத் திறந்தார். பொடி வெளிச்சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தாள். அவள் பாவாடை நனைந்திருந்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சருக்குப் பின்னால் எட்டிப் பார்த்த முகங்களையும் பார்த்தாள். அழவில்லை. நடைவழியின் கோடியில் விசில்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் தட்டியபோதும் அங்கேதான் நின்றிருக்கிறார்.

"பிரமாதம் டீச்சர்," என்றார். "உங்க வகுப்புதான் டாப்."

டீச்சர் அவரை என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

சாயங்காலம் பொடியின் அம்மா வந்தார். பஸ் டிரைவர். காக்கி உடையைக்கூட மாற்றாமல், டிப்போவிலிருந்து நேராக வந்திருந்தார். தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"யாரு அந்த டீச்சர்?"

"நான்தாங்க."

"எம் பொண்ணு தட்டினது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"பிள்ளைங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. திறக்க விடல."

பொடியின் அம்மா ஒரு நிமிடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து வயசுப் பிள்ளைங்க கையை உங்களால விலக்க முடியல?"

தலைமையாசிரியை, "அது விதிமுறைங்க, எல்லாப் பிள்ளைங்களோட நன்மைக்காக..." என்று இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. நான் இவங்கள கேக்கிறேன்."

"முடிஞ்சிருக்கும்," என்றார் டீச்சர். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் பயந்துட்டேன். ஒருவேளை நிஜமாவே அவ பின்னாடி யாராவது நிக்கிறாங்களோன்னு ஒரு நிமிஷம் எனக்கும் தோணிடுச்சு."

"நல்லா இருக்கு." பொடியின் அம்மா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நான் பஸ் ஓட்டுறவ. கண்ணாடியில ஒரு ஆள் ஓடி வர்றது தெரிஞ்சா பிரேக்குல கால் தானா போயிடும். பின்னாடி எத்தனை பேர் ஆரன் அடிச்சாலும் சரி, உள்ள இருக்கிறவங்க என்னைத் திட்டினாலும் சரி. ஆள் ஏறின பிறகுதான் கதவைச் சாத்துவேன். எதுக்குச் சொல்றேன்னு உங்களுக்கே புரியும். ரெண்டு நாள்ல வந்து அவ பையை எடுத்துக்கிறேன். அவ இனிமே இங்க படிக்க மாட்டா."

அன்றிரவு டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம் என்று சத்தியம் செய்த வாய் இதே வாய்தான். அந்தப் பெண் இந்த வகுப்புக்குத் திரும்பி வராவிட்டால், இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கோப்பை கொடுத்தார்கள். பளபளவென்ற கோப்பை, தூக்கிப் பார்த்தால்தான் உள்ளே ஒன்றும் இல்லாத தகரம் என்பது தெரியும். கைதட்டினார்கள். நாட்டாமைதான் போய் வாங்கினாள். வகுப்புக்கு வந்ததும் டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"நீதானே கதவை மறிச்ச? அவ உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளே, உனக்கு மனசு வந்துச்சா?"

நியாயமே இல்லாத கேள்வி. சொன்ன பிறகுதான் அது டீச்சருக்கு உறைத்தது. நாட்டாமை கோப்பையை மேசையில் வைத்தாள்.

"சார்தான் திறக்கக் கூடாதுன்னாரு. நீங்களும் கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? தப்புன்னா அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

வகுப்பு திகைத்துப்போய் டீச்சரைப் பார்த்தது. அடி விழும், வெளியே அனுப்புவார் என்று எதிர்பார்த்தார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆமா, சொல்லியிருக்கணும்," என்றார். அன்று வேறு பாடம் நடக்கவில்லை. நாட்டாமையின் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் யாரும் போய் உட்காரவுமில்லை.

சொன்னபடி பொடியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா நேராக உள்ளே வந்து, பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையை இழுத்தார். பொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவளுடைய செருப்பு நுனிகூட வரவில்லை.

"உள்ள வாம்மா," என்றார் டீச்சர்.

பொடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேசைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"அது எதுக்குக் கிடைச்சுது?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொடியின் அம்மா பையோடு நிமிர்ந்தார். நாட்டாமைதான் எழுந்து நின்றாள்.

"உனக்குக் கதவைத் திறக்காததுக்கு."

அப்போதுதான் அந்த நீளமான விசில் மறுபடி கேட்டது.

ஒரு கணம் ஒருவராலும் அசைய முடியவில்லை. டீச்சர் கதவை நோக்கி ஓடினார். இந்த முறை யார் தடுத்தாலும் தள்ளிவிட்டுப் போவதாகத்தான் ஓடினார். ஆனால் அவருக்கு முன்னால் நாட்டாமை ஓடிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் மேசையிலிருந்த கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். பொடி அவளைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

நாட்டாமை கதவைப் பிடித்தாள். சுவரோடு ஒட்டும்வரை அகலத் திறந்தாள். கீழே குந்தி, கோப்பையைக் கதவுக்கு அடியில் செருகி, காலால் ஒரு உதை விட்டாள். தகரம் நசுங்கி நன்றாக மாட்டிக்கொண்டது.

மற்ற வகுப்புக் கதவுகள் படீர் படீரென்று சாத்தும் சத்தம் கேட்டது. விசில்காரர் நடைவழியில் வேகமாக வந்தார். "சாத்து! என்ன பண்றே? சாத்துடீ கதவை!"

"முடியாது சார்," என்றாள் நாட்டாமை. அழுதுகொண்டேதான் சொன்னாள். "ஆள் இன்னும் உள்ள வரல."

"டீச்சர்! இதென்ன கூத்து? தலைமையாசிரியைகிட்ட நான் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க," என்றார் டீச்சர். போய் நாட்டாமைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "நான் சொல்லித்தான் அவ திறந்து வச்சான்னு சேத்துச் சொல்லுங்க."

விசில்காரர் விசிலை வாயில் வைத்து ஊதினார். பொடி காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அங்கிருந்து நகரவில்லை. உள்ளே வரவும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை. நசுங்கிய கோப்பையைப் பார்த்தாள், நாட்டாமையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அது இருக்கவேண்டிய கோபம்தான். டீச்சர் "வா" என்று கூப்பிடவில்லை. கூப்பிடும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பொடியின் அம்மா விசில்காரரைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க சார், ஆரன் அடிக்காதீங்க," என்றார். அப்புறம், இழுத்து எடுத்த பையை மெல்லப் பெஞ்சின் மேல் வைத்தார்.

கதவு திறந்தே இருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.